பல் டாக்டர் கார் பார்த்த கதை

பல் டாக்டர் தன் காரைப் பழுது என்று சொல்லி ஓரங்கட்டி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. காரில் ஒரு பழுதும் இல்லை. அது அவருக்கும் காருக்கும் மட்டும்தான் தெரியும்.

எழுபது வயதைத் தாண்டி ஓய்வுபெற்றவர். எழுதுபொருள் கடைக்கு மேலே, மாடியில், ஒரே ஒரு நாற்காலி போட்ட சின்ன மருத்துவமனையில் பிறர் வாயைப் பார்த்தே காலம் தள்ளியவர். தெருவில் பாதிப் பேரை அவருக்கு முகத்தைவிடக் கடைவாய்ப் பல்லால்தான் அடையாளம் தெரியும். வருகிறவர்களை உட்காரவைத்து, நாற்காலியை உயர்த்தி, சாய்த்து, தலைக்குக் கீழே சரிசெய்து, "வசதியா இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் கருவியைக் கையில் எடுப்பார். ஊரையெல்லாம் வசதியாகச் சாய்த்துவிட்டுத் தான் மட்டும் ஒரு பக்கமாகக் குனிந்தே நின்றதில், அவர் கழுத்து ஒருக்களித்து இறுகிப்போயிற்று. முதுகும் அதனுடன் கூட்டுச் சேர்ந்துகொண்டது. பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார். கப்பல் திரும்புவதுபோல ஆள் மொத்தமாகத் திரும்புவார்.

"உங்க அத்தானுக்கு வரவர கர்வம் ஜாஸ்தியாயிடுச்சுடா. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல" என்று மனைவி தன் தம்பியிடம் கேலி செய்வாள்.

காரை ஓரங்கட்டியதற்குக் காரணம் ஒரு சைக்கிள். நல்ல வெயில் அடிக்கும் காலை. ரொட்டிக்கடை முனையில் காரை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகே வண்டியை நகர்த்தினார். அப்போது வானத்திலிருந்து குதித்ததுபோல முன்னால் ஒரு பெண் சைக்கிளோடு நின்றாள். பிரேக் கிறீச்சிட்டது. அவள் விழவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "கண்ணு தெரியலைன்னா எதுக்குங்க வண்டிய எடுக்கறீங்க?" என்று கேட்டாள். கத்தித் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள்போல நிதானமாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே கண் டாக்டரிடம் ஓடினார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி மாற்றக்கூட வேண்டாம் என்று சொன்னார் கண் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். பல் டாக்டர் படியிறங்கும்போதே கணக்குப் போட்டார். கண்ணில் கோளாறு இல்லையென்றால், கண்ணுக்குப் பின்னால்தானே கோளாறு?

அவருடைய அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் எதிரில் இருப்பது தெரியாமல் முட்டிக்கொள்வார். அப்புறம் வீட்டுக்கு வரும் வழி மறந்தது. கடைசியில் பெற்ற மகனைப் பார்த்து, "நீங்க யாரு, உட்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதை பல் டாக்டர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இப்போது, போன மழைக்காலத்தில் வாசல் தூணில் காரை உரசியதும், கடைவீதியில் நடைபாதை ஓரத்தில் சக்கரத்தை ஏற்றியதும் ஒவ்வொன்றாக வந்து வரிசைகட்டி நின்றன. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"பேட்டரி போயிடுச்சு போலிருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். "ஆள் வந்து பார்க்கறேன்னிருக்கான்." அந்த ஆள் வரவே இல்லை. எப்படி வருவான், யாரையும் கூப்பிடவில்லையே!

இந்த நேரம் பார்த்து மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஆனால் தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்களுடைய பழைய சின்னக் காரில் ஏறுவது என்றால் பள்ளத்தில் இறங்குவது மாதிரி. உடனே மைத்துனர் களத்தில் குதித்தார்.

மைத்துனர் மனைவியின் தம்பி. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. குரலும் கொஞ்சம் பெரிது. அதனால் சொந்தக்காரப் பிள்ளைகள் அவருக்கு 'ஹாரன் மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கார் என்றால் உயிர்.

"அத்தான், பழைய வண்டிதான் வாங்கணும், ஆனா பெரிய வண்டியா வாங்கணும். நல்ல செடான். புதுசுன்னா ஷோரூம் வாசலைத் தாண்டறதுக்குள்ள விலை இறங்கிடும். நாலு வருஷம் ஓடினதா பார்த்தா, நஷ்டம் முதல் ஆளுக்கு, சொகுசு நமக்கு!"

"சர்வீஸ் செலவும் பழைய விலைக்குத்தான் ஆகுமா?"

"அதுதான் இல்ல. வண்டி பழசானாலும் ஸ்பேர் விலை புதுசுதான். அதனால, வாங்கினவங்க ஒழுங்கா கவனிச்ச வண்டியா தேடணும். நான் எதுக்கு இருக்கேன்?"

மனைவிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பல் டாக்டர் தலையை ஆட்டிவைத்தார். மனதுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டார்: எந்தக் காரைக் காட்டினாலும் ஒரு குறை சொல்லிவிட வேண்டியது. கார் அமையவில்லையென்றால் ஓட்ட வேண்டாம். ஓட்டவில்லையென்றால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

முதலில் பார்த்தது கறுப்புக் கார். ஷோரூமில் சாணை பிடித்த கத்திபோலப் பளபளத்தது. மைத்துனர் அதைத் தடவிக்கொடுத்த விதத்தைப் பார்த்தால் சொந்தப் பிள்ளையை அப்படித் தடவியிருக்க மாட்டார். ஆனால் கூரை பின்பக்கம் சரிந்து இறங்கியது, இருக்கை தரையோடு தரையாக இருந்தது. மனைவி கைத்தடியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஏறினாள். தலை 'டங்' என்று இடித்தது. வெளியே எடுக்க ஒரு கையைத் தம்பியும் மறு கையை விற்பனையாளரும் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

"கிணத்துல விழுந்த பூனையைத் தூக்கற மாதிரி தூக்கறீங்களே!" என்றாள் மூச்சு வாங்கியபடி.

டாக்டர் குறை சொல்ல மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. டயர் பட்டையாக, ரப்பரே இல்லாததுபோல இருந்தது. சின்னக் கல் ஏறினாலும் முதுகில் தெரியும். குளிரைக் குறைக்கத் திருகுவதற்கு ஒரு குமிழ்கூட இல்லை. எல்லாவற்றையும் திரையைத் தொட்டுத் தொட்டுத்தான் தேட வேண்டும். "ஓட்டிக்கிட்டே இதைத் தேடினா, அப்புறம் நம்மளைத்தான் ஆஸ்பத்திரியில தேடணும்" என்றார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்றார் விற்பனையாளர், ஒரு பக்கக் கன்னத்தை நாக்கால் துழாவிக்கொண்டே.

"வேண்டாம், வேண்டாம். மாப்ளே, நீ ஓட்டு" என்ற டாக்டர் பேச்சை மாற்றினார். "தம்பி, கீழ்க்கடைவாய்ல எத்தனை நாளா வலி?"

விற்பனையாளர் திகைத்துப்போனார். "ரெண்டு வாரமா சார். எப்படித் தெரியும்?"

"தள்ளிப்போடாதீங்க. வலிக்கிற இடத்தை ஒளிச்சு வச்சா பெருசாத்தான் ஆகும்."

அடுத்தவன் ஒளித்த வலியைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இரண்டாவது வெள்ளைக் கார். உயரமான இருக்கை, அகலமாகத் திறக்கும் கதவு, மனைவி சிரமமில்லாமல் ஏறி இறங்கினாள். டாக்டருக்குக் கதிகலங்கியது. நல்லவேளையாக, வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது ஒரு கதவின் வெள்ளை மற்ற வெள்ளையோடு சேரவில்லை. எத்தனை செயற்கைப் பல்லுக்கு நிறம் பார்த்த கண் அது! "இது பக்கத்துப் பல்லோட ஒட்டலையே" என்றார். மைத்துனர் கதவோரத்து ரப்பரை விலக்கிப் பார்த்தார். உள்ளே பெயிண்ட் தெறித்திருந்தது. எங்கேயோ பலமாக அடிபட்டு வேலை பார்த்த வண்டி. மைத்துனர் முகம் தொங்கிப்போயிற்று. டாக்டர் முகத்தில் மட்டும் களை கட்டியது.

மூன்றாவது நீலக் கார். அதில் ஒரு குறையும் தென்படவில்லை. டாக்டர் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கடைசியில், "எனக்கு நீலம்னாலே பிடிக்காது" என்றார்.

மனைவி அவர் போட்டிருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, மைத்துனர் விடைபெற்றுப் போன பிறகு, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"உங்களுக்குக் கார் பிடிக்கலையா, இல்ல ஓட்டறதே பிடிக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லதா அமையணுமில்ல?"

"நல்லதா ஒண்ணு பார்த்திருக்கானாம் தம்பி. நாளைக்கு ஒருத்தர் வீட்டுக்கே போய்ப் பார்க்கறோம். அதுல என்ன குறைன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க."

மறுநாள் போன வீட்டில் கார் விற்பவர் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா. மெலிந்த உடம்பு, வெட்டிவிட்ட வெள்ளை முடி, நிமிர்ந்த நடை. மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். அங்கே வாசலில் இறங்கினால் ரயில் நிலையம், கார் தேவைப்படாது. வெள்ளி நிறக் கார் நிழலில் நின்றது. மைத்துனர் கேட்பதற்கு முன்னாலேயே அவர் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். முதல் ஆளே அவர்தான். சர்வீஸ் ஒன்றுகூடத் தப்பவில்லை. டயர் போன வருஷம் மாற்றியது. பின்பக்க பம்பரில் ஒரு கீறல். "அது என் கைவரிசை. மறைக்கல."

பிறகு டாக்டரைப் பார்த்தார். "நீங்க என்ன தொழில் பண்ணீங்க?"

"பல் டாக்டருங்க. இப்ப ஓய்வு."

"அப்ப நாம ஒரே ஜாதி. ரெண்டு பேர் முன்னாலயும் ஜனங்க நடுங்கிக்கிட்டேதான் வாயைத் திறந்திருக்காங்க." சிரித்துவிட்டுச் சாவியை நீட்டினார். "ஓட்டிப் பாருங்க."

"என் மைத்துனர் ஓட்டுவார்..."

"ஓட்டப்போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க ஓட்டுங்க. விசாரிக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது."

தப்பிக்க வழியில்லை. மனைவி ஏற்கனவே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, "அப்பாடா, சோபா மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மைத்துனர் பின்னால் ஏறினார். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

கதவோரத்தில் இருக்கையை நகர்த்தும் பொத்தான்கள் இருந்தன. விரல் பட்டதும் அவருக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. நாற்காலி விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உயர்த்தினார். முதுகை நிமிர்த்தினார். இடுப்புக்குப் பின்னால் மெத்தை காற்றுப் பிடித்து முன்னே வந்து, குழிந்திருந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்ததை முதல் தடவையாகத் தனக்குச் செய்துகொண்டார். வசதியாகத்தான் இருந்தது.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. பூங்கா முனையில், பெரிய சாலையில் சேரும் இடத்தில் நிறுத்தினார். அவர் பக்கத்திலிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடக்க வந்தாள். முதலில் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தாள். அப்புறம் முன் கண்ணாடியில் தெரிந்தாள். இரண்டுக்கும் நடுவில், காரின் கூரையைத் தாங்கும் தூணருகே கண் சிமிட்டும் நேரம் மறைந்து உடனே வெளியே வந்தாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடந்து, எதிர்ப்பக்கம் போய், பூங்காவுக்குள் நுழையும்வரை பார்த்தார்.

"அத்தான், ரோடு காலியாத்தான் இருக்கு" என்றார் மைத்துனர் பின்னாலிருந்து.

"தெரியுது" என்றார் டாக்டர். குரல் என்னவோபோல இருந்தது. "எல்லாம் நல்லாத் தெரியுது."

திரும்பி வந்து நீதிபதியம்மாவிடம் சாவியைக் கொடுத்து, "ரெண்டு நாள்ல சொல்றேம்மா" என்றார். உட்காரச் சொன்னதற்குக்கூட உட்காரவில்லை. "வா, வா, வீட்டுக்குப் போகலாம்" என்று மைத்துனரின் வண்டியில் எல்லோரையும் ஏற்றினார். இதுவும் போச்சு என்று மைத்துனர் வழியெல்லாம் உம்மென்று ஓட்டினார். ஹாரன் உம்மென்று வருவது அபூர்வம்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் நேராகக் கார் கொட்டகைக்குப் போய்ப் பழைய காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது. வாசலுக்கு ஓட்டிவந்து நிறுத்தினார்.

"என்ன அத்தான், ஓடுது!" மைத்துனர் வாய் பிளந்தது. "பேட்டரி போச்சுன்னீங்க?"

"அப்புறம் சொல்றேன்." மனைவி பக்கம் திரும்பினார். "நீ ஒரு உபகாரம் பண்ணு. அந்தக் குழாயடியிலிருந்து கேட் வரைக்கும் மெதுவா நட."

"எதுக்கு?"

"நடயேன்!"

அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தாள். டாக்டர் காருக்குள் எப்போதும் உட்காருவதுபோல உட்கார்ந்தார். ஓட்டுநர் இருக்கையின் மெத்தை வருஷக்கணக்கில் அமுங்கிக் குழியாகியிருந்தது. போதாக்குறைக்கு, முதுகுவலிக்கு இதமாக இருக்கட்டும் என்று போன வருஷம் அவரே அதை நன்றாகப் பின்னால் சாய்த்துவிட்டிருந்தார். குழாயடியில் மனைவி தெரிந்தாள். செடியருகே தெரிந்தாள். அப்புறம் ஆளைக் காணோம்.

"நில்லு! அங்கேயே நில்லு!" என்று கத்தினார். "காணோம்!"

"என்ன காணோம்?" என்று குரல் மட்டும் வந்தது.

"உன்னைத்தான்! உன்னைக் காணவே காணோம்!"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் தட்டினார். காரின் முன்தூணுக்குப் பின்னால் தலை முதல் கால் வரை, கைத்தடியோடு சேர்த்து, மனைவி மொத்தமாக மறைந்திருந்தாள். கழுத்து வளைந்து கொடுக்கிற ஆளாக இருந்தால் தலையை அப்படி இப்படி அசைத்து எட்டிப் பார்த்திருப்பான். அவர் கழுத்து அசையாது. அந்தச் சைக்கிள்காரப் பெண்ணும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இதே தூண் மறைவில்தான் வந்திருக்கிறாள்.

"அக்காவைக் காணோம்னு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் மைத்துனர்.

டாக்டர் காரை விட்டு இறங்கி, வாசல் படியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். சைக்கிள், கண் டாக்டர், போகாத பேட்டரி, அப்பா. அப்பா சொன்ன 'நீங்க யாரு, உட்காருங்க' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மனைவிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒன்றரை மாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, நீங்களா ஒரு வியாதியைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கீங்க!"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. ஆபரேஷன்ல நான் செத்துப்போயிடுவேனோன்னு நீங்க உள்ளுக்குள்ள உடைஞ்சுட்டீங்கன்னு நினைச்சேன். அதான் கேட்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப சந்தோஷம்தான். இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடுவோம். தூணை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க முடியாது."

காட்டினார்கள். நரம்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். கடிகாரம் வரையச் சொன்னார், வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்டார், எண்களைத் தலைகீழாக எண்ணச் சொன்னார். "உங்க ஞாபகம் வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு சார். கழுத்துதான் மோசம். அதுக்குப் பயிற்சி இருக்கு, தினமும் செய்யணும்" என்றார். பல் டாக்டர் தான் வரைந்த கடிகாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மனைவி சொன்னபடி ஓட்டுநர் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி ஓட்டியும் காட்டினார். முனைகளில் உடம்பை முன்னால் கொண்டுவந்து பார்க்க வேண்டும், இருட்டிய பிறகும் பெருமழையிலும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். வயது ஆகவில்லை என்று யாரும் அவருக்குச் சான்று கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்புறம் மைத்துனர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் வெள்ளிக் காரைத் தூக்கிவைத்து அடியெல்லாம் பார்த்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது; மற்றபடி சுத்தம். தேய்ந்ததை மாற்றித் தருவதாக நீதிபதியம்மா ஒப்புக்கொண்டார். "சரி, தீர்ப்பைச் சொல்லுங்க" என்றார்.

"வாங்கிக்கறோம்மா."

"மேல்முறையீடு இல்லையே?"

"இல்லம்மா" என்று மனைவி பதில் சொன்னாள். "ஆனா ஒரு தடவை அந்த சீட்டை நானும் மேல ஏத்திக் கீழ இறக்கிப் பார்த்துக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரின் மறுகோடியில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். டாக்டர் அவசரப்படவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், ஒதுங்கி வழிவிட்டார். முனைகளில் முன்னால் சாய்ந்து பார்த்தார், நிமிர்ந்தார், போனார். பெரிய கார் என்பதே கொஞ்ச தூரத்தில் மறந்துபோயிற்று. மனைவி ஆரம்பத்தில் கடை கடையாகப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றுபோனது.

சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு, உடம்போடு திரும்பிப் பார்த்தார். தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய காரில் அவள் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேல்வரிசையில், கல்யாணமான புதிதில் அவரே செய்து மாட்டிய பல் ஒன்று தெரிந்தது. நிறம் மங்கவில்லை, ஆட்டம் காணவில்லை. நல்ல வேலைதான் என்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு பச்சைக்கு மாறியது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் தூக்கம் கலையாதபடி மெதுவாக வண்டியை எடுத்தார்.